வறட்சி ஆற்று நீரின் வேதியியலை எப்படி மாற்றுகிறது? ஓர் எளிய விளக்கம்

மழை பொய்த்த ஆண்டுகளில் ஆற்றைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் அளவைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு நீர் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், அடுத்த மழை எப்போது என்பவைதான் நம் கேள்விகள். நீரின் தரம் என்று வரும்போது, "தண்ணீர் குறைந்தால் மாசு கூடும்" என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்கிறோம். அந்த வரி பொய்யில்லை என்றாலும் பாதி உண்மைதான். வறட்சியின்போது ஆற்று நீரில் சில பொருள்கள் கூடுகின்றன, சில குறைகின்றன, வேறு சில மண்ணுக்குள் தேங்கிக் காத்திருந்து, மழை திரும்பும் நாளில் மொத்தமாக ஆற்றில் இறங்குகின்றன. பல ஆறுகளில் மிக மோசமான நீர் ஓடுவது வறட்சியின் உச்சத்தில் அன்று, அதை முடித்துவைக்கும் முதல் வெள்ளத்தில்தான். மழை வந்துவிட்டதே என்று எல்லோரும் நிம்மதி அடையும் நேரம் அது என்பதால், இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

செறிவு வேறு, சுமை வேறு

ஒரு பாத்திரத்தில் உப்பு கரைத்த நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுங்கள். நீர் பாதியாக வற்றும்போது உப்புக் கரிப்பு இரட்டிப்பாகிவிடும். ஆனால் பாத்திரத்தில் நீங்கள் புதிதாக ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கவில்லை. ஆவியாகிப் போனது நீர் மட்டுமே. இங்கே மாறியது செறிவு, அதாவது ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு. மாறாமல் இருந்தது மொத்தப் பொருளின் அளவு. ஆறு ஓடிக்கொண்டே இருப்பதால், அங்கே மொத்தத்தை ஒரு விநாடிக்கோ ஒரு நாளுக்கோ என்று கணக்கிடுகிறார்கள். அதன் பெயர் சுமை. செறிவை ஆற்றின் நீரோட்ட அளவால் பெருக்கினால் சுமை கிடைக்கும்.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். விநாடிக்கு 99 கன மீட்டர் நீர் ஓடும் ஓர் ஆற்றில், ஒரு நகரத்தின் கழிவுநீர்க் குழாய் விநாடிக்கு 1 கன மீட்டர் வீதம் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. ஆற்றில் அது அறவே இல்லை. இரண்டும் கலந்தபின் ஆற்றில் குளோரைடின் செறிவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். வறட்சியில் ஆற்றின் ஓட்டம் 9 கன மீட்டராகச் சுருங்கினால், அதே குழாய், அதே கழிவுநீர், ஆனால் செறிவு லிட்டருக்கு 20 மில்லிகிராம். நகரம் கூடுதலாக எதையும் கொட்டவில்லை. குளோரைடின் சுமை இரு நிலையிலும் விநாடிக்கு 200 கிராம்தான்.

ஆகவே "ஆற்றில் மாசு பத்து மடங்கு கூடியது" என்ற செய்தியைப் படித்ததும் யாரோ பத்து மடங்கு அதிகமாகக் கொட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்வது தவறு. அதே போல, நீரோட்டம் குறைந்துவிட்டதால்தான் அந்த எண் கூடியது, கொட்டியவர் மேல் குற்றமில்லை என்று சொல்வதும் சரியாகாது. மீனும் பாசியும் மனிதரும் எதிர்கொள்வது செறிவைத்தான். ஒரு கழிவுநீர்க் குழாயை ஆற்றின் நிறைந்த ஓட்டத்தை மட்டும் நம்பி அனுமதித்திருந்தால், அந்த அனுமதியே வறட்சிக்குப் பொருந்தாதது.

பாத்திரத்து உப்பு நீர் இந்த இடம் வரைக்கும்தான் துணை வரும். ஆற்றுக்குள் நீர் பல வழிகளில் வருகிறது, வந்தபின் அதற்குள் உயிர்கள் வேலை செய்கின்றன. இனி அவற்றைப் பார்க்க வேண்டும்.

நீர் எந்த வழியாக வந்தது?

மழைக்காலத்தில் ஆற்று நீரின் பெரும்பகுதி நிலத்தின் மேற்பரப்பிலும் மேல்மண்ணின் வழியாகவும் விரைந்து வந்து சேர்ந்தது. பாறையோடும் ஆழமான மண்ணோடும் அதற்கு அதிகப் பழக்கம் ஏற்பட்டிருக்காது. மழை நின்று பல வாரங்கள் ஆனபின்னும் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தால், நிலத்தடியிலிருந்து மெல்லக் கசியும் நீர்தான் அதை ஓட வைக்கிறது. இதை அடியோட்டம் என்று சொல்லலாம். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பாறை இடுக்குகளில் தங்கி வந்த நீர் என்பதால், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், சிலிக்கா போன்றவை அதில் அதிகம் கரைந்திருக்கும்.

எனவே வறட்சியில் ஓர் ஆற்றின் உப்புத்தன்மை உயர்வதற்கு நீர் ஆவியாவது ஒரு காரணம் மட்டுமே. பல ஆறுகளில் அதைவிடப் பெரிய காரணம், வருகிற நீரே வேறு நீராகிவிடுவதுதான். இதை அளக்க எளிய வழி மின்கடத்துதிறன். நீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு கூடக் கூடக் கடத்தும் திறனும் கூடும். ஒரு கம்பிமுனையை நீரில் நனைத்தால் சில நொடிகளில் எண் தெரிந்துவிடும் என்பதால், வறட்சியைக் கண்காணிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பு கீழிருந்தும் வருகிறது. ஆற்றின் ஓட்டம் வலுவாக இருக்கும்வரை அது கடல்நீரைத் தள்ளி நிறுத்துகிறது. ஓட்டம் தளர்ந்தால், நன்னீரைவிட அடர்த்தியான கடல்நீர் ஆற்றின் அடிப்பகுதி வழியாக ஆப்பு வடிவில் மேல்நோக்கி நகர்கிறது. 2023இல் மிசிசிப்பி ஆற்றில் இது நடந்தபோது, அந்த நகர்வைத் தாமதப்படுத்த ஆற்றின் அடியில் மண்ணால் ஒரு தடுப்பை எழுப்ப வேண்டியிருந்தது. 2016இல் எல் நினோவை (பசிபிக் பெருங்கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வை) ஒட்டி வந்த வறட்சியில் வியட்நாமின் மீகாங் கழிமுகத்திலும் உப்புநீர் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே ஏறி, நெல் வயல்களைப் பாழாக்கியது.

ஓடாத நீரில் என்ன நடக்கிறது?

வறட்சியின் விளைவுகளில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதையே. ஓட்டம் குறையும்போது, ஒரு துளி நீர் ஆற்றின் ஒரு பகுதியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது. இதற்குத் தங்குநேரம் என்று பெயர். தங்குநேரம் கூடினால் வெயில் நீரைச் சூடாக்க நேரம் கிடைக்கிறது, வண்டல் அடியில் படிய நேரம் கிடைக்கிறது, பாசி பெருக நேரம் கிடைக்கிறது. ஓடும் ஆறு மெல்ல மெல்லக் குட்டைகளின் வரிசையாக மாறுகிறது.

அந்தக் குட்டைகளில் ஒன்றை அருகில் நின்று பார்ப்போம். நீர் தெளிந்திருக்கிறது, தெளிவாக இருப்பதால் நல்ல நீர் என்றே தோன்றும். ஆனால் தெளிந்த நீரில் வெளிச்சம் ஆழமாக இறங்குவதால் பாசிக்கு அது கொண்டாட்டம். நண்பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது, அப்போது அளந்தால் நீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுபோகிறது. பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. விடியலுக்குச் சற்று முன் அளவு மிகக் கீழே இறங்குகிறது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். வெயில் ஏறியதும் எல்லாம் சரியானது போலத் தெரியும். பகல் பதினொரு மணிக்கு மாதிரி எடுக்கும் ஒருவரின் பதிவேட்டில் இந்த நெருக்கடி வரவே வராது.

வெப்பம் இதை மேலும் கடினமாக்குகிறது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கரை ஆக்சிஜன் என்பார்கள். வளிமண்டலத்தோடு சமநிலையில் உள்ள நன்னீர் 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 9.1, 30 டிகிரியில் சுமார் 7.5. அதே வேளையில் சூடான நீரில் உயிர்களின் சுவாசமும் அழுகலும் வேகமாகின்றன. கொள்ளளவு குறைகிறது, செலவு கூடுகிறது. பல மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே திணறல் தொடங்கும். 2க்குக் கீழே பெரும்பாலானவை நெடுநேரம் தாங்கமாட்டா.

ஆழமான குட்டைகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வெயிலில் சூடான மேல்நீர் லேசாக மிதக்கிறது. குளிர்ந்த அடிநீர் கனமாகக் கீழே தங்கிவிடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. இப்படி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுவதால் அடிநீருக்குப் புதிய ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை, மேலிருந்து விழும் இறந்த பாசி அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும், அதுவரை வண்டலில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கரைகிறது. அது மீண்டும் பாசிக்கு உரமாகிறது. ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில், மெனிண்டி அருகே 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது இந்த வழியில்தான். கடும் வறட்சியில் ஓட்டம் நின்ற நீர்ப்பகுதிகள் அடுக்கடுக்காகப் பிரிந்து, நீலப்பச்சைப்பாசி பெருகியிருந்தது. திடீரென வீசிய குளிர்காற்று மேல்நீரைக் குளிர்வித்து அடுக்குகளைக் கலைத்தது. ஆக்சிஜன் அற்ற அடிநீர் முழுக் குட்டையிலும் பரவியதும் மீன்களுக்கு ஒதுங்க இடமே இல்லாமல் போயிற்று. வெப்ப அலை தணிந்தது என்று மனிதர் மகிழ்ந்த நேரம் மீன்களுக்கு உயிர்போகும் நேரமானது.

அமோனியாவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கழிவுநீரிலிருந்து வரும் அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அவ்வளவு தீங்கற்ற அமோனியம், மற்றது மீன்களுக்கு நஞ்சான தனி அமோனியா. எது எவ்வளவு என்பதை நீரின் வெப்பமும் பிஎச் மதிப்பும் தீர்மானிக்கின்றன. பிஎச் என்பது நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவுகோல்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது பிஎச் 9 வரைகூட ஏறிவிடும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நஞ்சாகிவிடுகிறது. கழிவுநீரின் அளவு மாறாமலேயே அதன் நச்சுத்தன்மை பல மடங்கு கூட முடியும் என்பது இதனால்தான்.

சுருக்கமாக: நீர் மெதுவாகும்போது ஆற்றின் வேதியியலை இயக்குவது உயிர்களே. வெப்பம், பாசி, ஆக்சிஜன், பிஎச், அமோனியா ஆகியவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தனியாக அளந்து ஆற்றின் நிலையைச் சொல்ல முடியாது.

குறைகிற பொருள்களும் உண்டு

வண்டல் குறைகிறது, ஏனென்றால் அதை அரித்துக் கொண்டுவர மழை இல்லை. வேளாண் நிலங்கள் சூழ்ந்த ஆறுகளில் நைட்ரேட்டும் பெரும்பாலும் குறைகிறது. நைட்ரேட் என்பது பயிர்கள் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜனின் ஒரு வடிவம். நீரில் எளிதில் கரைந்து ஓடக்கூடியது. மண்ணை நனைத்துக் கீழே வடிய நீரே இல்லாதபோது, உரமிட்ட வயலிலிருந்து அது ஆற்றுக்கு வர வழியில்லை. வந்து சேர்ந்த கொஞ்சத்தையும் பாசி எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாத அடிவண்டலில் வாழும் பாக்டீரியாக்கள் மீதியை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. தங்குநேரம் கூடியதால் இரண்டுக்கும் வேண்டிய அவகாசம் இருக்கிறது.

நகரக் கழிவுநீரே பிரதானமாக ஓடும் ஆற்றில் இதற்கு நேர்மாறாக நடக்கலாம். அங்கே நைட்ரேட் குழாய் வழியாக இடைவிடாமல் வருகிறது, நீர்த்துப்போகச் செய்ய வெளிநீர் இல்லை. ஆகவே செறிவு ஏறுகிறது. ஒரே வறட்சி, ஒரே பொருள், இரண்டு ஆறுகளில் இரண்டு திசைகள். வறட்சி நைட்ரேட்டைக் கூட்டுமா குறைக்குமா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. அந்த ஆற்றுக்கு அந்தப் பொருள் எந்த வாயில் வழியாக வருகிறது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

காய்ந்த நிலத்துக்குள் சேர்கிற கடன்

வயலில் பயிர் காய்ந்தால், அதற்கென்று இட்ட நைட்ரஜனை எடுத்துக்கொள்ள வேர் இல்லை. அது மண்ணிலேயே தங்குகிறது. காய்ந்த மண் நனையும்போது, இறந்த நுண்ணுயிர்களிலிருந்தும் கரிமப் பொருளிலிருந்தும் மேலும் நைட்ரஜன் விடுபடும். ஆற்றங்கரைகளிலும் வறண்ட படுகையிலும் இலைச்சருகுகள் குவிகின்றன. உப்பு வெள்ளைப் படலமாகப் பூக்கிறது. ஆற்றில் அளந்தால் எல்லாம் குறைவாகத் தெரியும் அதே மாதங்களில் நிலத்தில் இருப்பு ஏறிக்கொண்டே போகிறது.

இதில் அதிகம் அறியப்படாத ஒன்று கந்தகம். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் சதுப்பிலும் ஏரி அடியிலும் கந்தகம் இரும்போடு சேர்ந்து சல்பைடாக அடங்கியிருக்கிறது; காற்றுப் படாதவரை அதனால் தொல்லையில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டதும் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகிறது. இப்படிப்பட்ட மண்ணுக்கு அமில சல்பேட் மண் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட வறட்சியில், மர்ரி ஆற்றின் கடைசியில் உள்ள அலெக்சாண்ட்ரினா ஏரியின் மட்டம் 2009இல் கடல்மட்டத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் கீழே போனது. வெளியே தெரிந்த ஏரிப்படுகை அமிலமானது. ஏரியின் சில ஓரங்களிலும் அதில் சேரும் ஓடைகளிலும் பிஎச் கடுமையாக வீழ்ந்ததால், விமானத்திலிருந்து சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி நடுநிலையாக்க வேண்டி வந்தது. அமில நீர் மண்ணிலுள்ள அலுமினியம் போன்ற உலோகங்களையும் கரைத்து எடுத்துவரும். மீனின் செவுளுக்கு அது நேரடிக் கேடு.

முதல் வெள்ளம்

இருப்பாகச் சேர்ந்தவை எல்லாம் வெளியேறுவது இப்போதுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2012இல் கடும் வறட்சி. மக்காச்சோளம் சரியாக விளையவில்லை, உரம் மண்ணில் மிச்சமாயிற்று. 2013 வசந்தத்தில் பெருமழை பெய்தது. டெ மொயின் நகரத்துக்குக் குடிநீர் தரும் ரக்கூன் ஆற்றில் அந்த ஆண்டு மே மாதம் நைட்ரேட், அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டால், லிட்டருக்கு 24 மில்லிகிராமைத் தொட்டது. குடிநீருக்கு அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு, அதே கணக்கில், 10 மில்லிகிராம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அப்போது ஆற்றில் நீர் மிகுதியாக ஓடியது. செறிவும் உயர்ந்து ஓட்டமும் உயர்ந்ததால் சுமை எவ்வளவு பெருகியிருக்கும் என்பதை முதல் பகுதியின் பெருக்கல் கணக்கே சொல்லிவிடும்.

சருகுகளின் கதையும் இப்படித்தான். 2010-11இல் மர்ரி ஆற்றுப்படுகையில் வறட்சி முடிந்து வெள்ளம் வந்தபோது, பல ஆண்டுகளாக நீர் காணாத வெள்ளச் சமவெளியில் குவிந்திருந்த யூகலிப்டஸ் இலைகளும் பட்டைகளும் நீரில் ஊறின. அவற்றிலிருந்து கரைந்த கரிமப் பொருள் ஆற்றைக் கடுந்தேநீரின் நிறத்துக்கு மாற்றியது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் காலி செய்துவிட, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மீன்களும் நண்டுகளும் மூச்சுத் திணறின. இந்த நிகழ்வைக் கருநீர் என்கிறார்கள். வெள்ளச் சமவெளியில் அடிக்கடி சிறு வெள்ளம் ஏறி இறங்கியிருந்தால், சருகு அத்தனை சேர்ந்திருக்காது.

காலநிலை மாறுபாடு எங்கே வருகிறது?

காலநிலை மாறுபாடு என்பது ஓர் இடத்தின் மழையும் வெப்பமும் ஆண்டுக்கு ஆண்டு தம் சராசரியைச் சுற்றி ஏறி இறங்குவது. காலநிலை மாற்றம் என்பது அந்தச் சராசரியே, கூடவே அந்த ஏற்ற இறக்கத்தின் வீச்சும், நீண்ட காலத்தில் இடம்பெயர்வது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதால் எல் நினோவும் லா நினாவும் வருகின்றன. அவை மாறுபாட்டின் எடுத்துக்காட்டுகள். அவற்றின் அடிச்சுவடு ஆற்று வேதியியலில் தெரியும். கனடாவின் ஒன்டாரியோவில், அமில மழையால் பல ஆண்டுகளாகச் சதுப்புகளில் சேர்ந்த கந்தகம், எல் நினோவோடு தொடர்புள்ள வறட்சிகளுக்குப் பின் சல்பேட்டாக வெளியேறி ஏரிகளை மீண்டும் அமிலமாக்கியது. அமில மழை குறைந்துகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. எப்போதோ பெய்த அமிலத்தை ஒரு வறட்சி திரும்ப வெளியே இழுத்தது.

வறட்சியிலிருந்து வெள்ளத்துக்கும் வெள்ளத்திலிருந்து வறட்சிக்கும் தாவுவது கூர்மையானால், சேர்த்தல்-வெளியேற்றல் என்ற சுழற்சியும் கூர்மையாகும். ஆண்டு முழுதும் பெய்யும் மழையின் மொத்தம் மாறாமலே இது நடக்கலாம். சராசரி மழையளவை மட்டும் வைத்து ஆற்றின் நலத்தை மதிப்பிடுவது ஏன் போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான வாதம் இது.

ஐரோப்பாவின் ஓடர் ஆற்றில் 2022 கோடையில் நேர்ந்தது இந்த இழைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நிகழ்வு. நீர்மட்டம் தாழ்ந்திருந்தது, வெப்பம் மிகுந்திருந்தது, தொழிற்சாலை, சுரங்கக் கழிவுகளின் உப்பு நீர்த்துப்போக வழியில்லாமல் நின்றது. உவர்நீரில் வாழும் ஒரு நச்சுப்பாசி அந்த நன்னீர் ஆற்றில் பெருகிச் சுமார் 360 டன் மீன்களைக் கொன்றது. உப்புக் கழிவு புதிதன்று. அந்தப் பாசிக்கு ஏற்ற செறிவு வரை அதை உயர்த்தியது அந்தக் கோடை.

ஓர் அறிக்கையைப் படிக்கும்போது

ஆற்று நீரின் தரத்தைப் பற்றிய ஓர் எண் கையில் கிடைத்தால், முதலில் அந்த நாளின் நீரோட்ட அளவு அதன் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத செறிவைக் கொண்டு மாசு கூடியதா குறைந்ததா என்று சொல்ல இயலாது. அடுத்து மாதிரி எடுத்த நேரம்: ஆக்சிஜனுக்கும் பிஎச்சுக்கும் பகலா விடியலா என்பது மிகப் பெரிய வித்தியாசம். மாதிரி எடுத்த ஆழத்தையும் கேட்க வேண்டும், ஏனெனில் அடுக்காகிய குட்டையில் மேல் அரை மீட்டர் சொல்வது வேறு, அடி சொல்வது வேறு.

பல இடங்களில் மாதம் ஒருமுறை, வசதியான ஒரு பகல் நேரத்தில், கரையோரமாக மாதிரி எடுக்கிறார்கள். ஆறு சீராக ஓடும் காலத்துக்கு அது ஓரளவு போதும். வறட்சி முடியும் தருணத்தில் ஆற்றின் வேதியியல் சில மணி நேரத்தில் மாறிவிடுகிறது; முதல் வெள்ளத்தின் உச்சம் இரண்டு மாதாந்திர மாதிரிகளுக்கு நடுவே தடம் தெரியாமல் கடந்துபோய்விடும். இதனால்தான் மின்கடத்துதிறன், வெப்பம், கரை ஆக்சிஜன் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே பதியும் கருவிகளை ஆற்றிலேயே நிறுவுகிறார்கள். நீர் வற்றும்போது அக்கருவிகள் தரைதட்டாமல் இருக்கவும், வெள்ளம் வரும்போது அடித்துச் செல்லப்படாமல் இருக்கவும் பொருத்துவது சுலபமான வேலையில்லை. வறட்சி நீளும்போது அவற்றைக் கழற்றி வைத்துவிடும் பழக்கம் இருந்தால் அதைக் கைவிட்டு, மழை வரும் முன்பே அவை ஓடிக்கொண்டிருக்குமாறு பார்த்துக்கொள்வது, குடிநீருக்காக ஆற்றை நம்பியிருக்கும் ஊருக்குச் சில மணி நேர எச்சரிக்கையைத் தரும். நீர் உறிஞ்சும் குழாயை மூடிவிட்டுச் சேமிப்புத் தொட்டிக்கு மாற அந்தச் சில மணி நேரம் போதும்.